உயரமும் இணைப்பும்

மனிதனுக்கு உயரத்தின்மீது தீராத ஈர்ப்பு உண்டு. தான் குடியிருக்கும் வீடு உயர வேண்டும், தன் பிள்ளைகளின் நிலை உயர வேண்டும், தான் செலுத்தும் வண்டியும் உயர வேண்டும் என்று அவன் விழைகிறான். இவ்விழைவு தன்னளவில் குற்றமாகாது. ஆயினும் ஒன்றை உயர்த்தும்போது, அதனோடு இணைந்து நிற்கும் மற்றவற்றுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. நாம் கைவைத்ததற்கு நாமே பொறுப்பு; இதனை எவரும் மறுப்பதில்லை. நாம் கைவைக்காமலே, நம் செயலால் நிலை மாறிப்போனதற்கும் நாம் பொறுப்பாவோமா? அறநெறியில் இது மிகப் பழைய கேள்வி. இதனை ஆராய்வதற்கு வண்டிப் பட்டறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை இம்முறை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க நாட்டில், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப்புகளையும் பிக்கப் டிரக்குகளையும் நிலத்திலிருந்து மேலும் சில அங்குலம் உயர்த்திக்கொள்ளும் வழக்கம் பல்லாண்டுகளாக உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தளித்தன. போர் ஓய்ந்தபின் அவ்வண்டிகள் உழவர்களின் கைக்கும், மலைவழிப் பயணத்தில் இன்பம் கண்டோரின் கைக்கும் வந்து சேர்ந்தன. கலிஃபோர்னியாவின் ரூபிகான் தடமும், யூட்டா மாநிலத்தின் மோவாப் நகரைச் சூழ்ந்த செம்பாறை நிலமும் இன்று இத்தகைய பயணங்களுக்குப் பெயர்பெற்றவை. மோவாப் நகரில் 1967இல் தொடங்கிய ஜீப் பயணம் ஆண்டுதோறும் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிய நாள்களில் நடைபெறுவதால், ஈஸ்டர் ஜீப் சஃபாரி என்றே அழைக்கப்படுகிறது. பாறைகளின்மேல் ஏறிக் கடக்கப் பெரிய சக்கரங்கள் வேண்டும். பெரிய சக்கரங்கள் உராயாமல் சுழல இடம் வேண்டும். எனவே ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை 4 அங்குலமோ 6 அங்குலமோ உயர்த்துகிறார்கள். இத்தேவை எதுவுமின்றி, பார்வைக்குக் கம்பீரமாய் இருக்கிறது என்பதற்காகவே உயர்த்துவோரும் பலர்.

இவ்வண்டியின் அடிப்பகுதியைச் சற்றே மனக்கண்ணால் நோக்குவோம். இவற்றுள் பலவற்றில் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சு தாங்குகிறது. அச்சின்மேல் ஸ்பிரிங்குகள்; ஸ்பிரிங்குகளின்மேல் வண்டியின் உடலைச் சுமக்கும் சேசிஸ். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, அத்திருப்பம் சேசிஸில் பொருத்தப்பட்ட ஸ்டீயரிங் பெட்டிக்குள் செல்கிறது. பெட்டிக்கு வெளியே நீண்டிருக்கும் பிட்மன் ஆர்ம் என்னும் சிறு கரம் அசைகிறது. அக்கரத்தோடு கூடிய டிராக் லிங்க் என்னும் நீண்ட தண்டு அவ்வசைவை எதிர்ப்புறத்துச் சக்கரத்துக்குக் கொண்டு செல்கிறது. டை ராடு என்னும் மற்றொரு தண்டு, ஒரு சக்கரம் திரும்பினால் மறு சக்கரமும் உடன் திரும்புமாறு இரண்டையும் கட்டிவைக்கிறது. 2 டன் எடையுள்ள வண்டி எத்திசையில் செல்ல வேண்டும் என்பது, விரல் பருமனைவிடச் சற்றே பெரிய இத்தண்டுகளின் நேர்மையைச் சார்ந்திருக்கிறது.

இரண்டு சக்கரங்களும் சேர்ந்து திரும்புகின்றன என்றோம். ஒரே அளவாய்த் திரும்புகின்றன என்று கூறவில்லை. வளைவில் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்வதால், உட்புறச் சக்கரம் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் வண்டி செய்த கேயோர்க் லாங்கென்ஸ்பெர்கர் இதற்கான அமைப்பை வகுத்தார். 1818இல் ருடால்ஃப் ஆக்கர்மன் அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அன்று குதிரை வண்டிக்கென வகுக்கப்பட்ட அந்நெறி இன்றைய மோட்டார் வண்டியிலும் வாழ்கிறது. ஆக, வண்டியின் அடியில் கிடக்கும் அழுக்கேறிய தண்டுகள் ஏனோதானோவென்று வைக்கப்பட்டவை அல்ல. அவை ஒவ்வொன்றும் பலர் கணக்கிட்டு ஏற்படுத்திய உடன்பாட்டின் உறுப்புகள்.

இனி, ஒருவர் வண்டியை 4 அங்குலம் உயர்த்துகிறார் என்று கொள்வோம். அவர் மாற்றியவை ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் மட்டுமே. ஸ்டீயரிங் தண்டு எதையும் அவர் தொடவில்லை. ஆனால் ஸ்டீயரிங் பெட்டி சேசிஸோடு மேலே சென்றுவிட்டது. சக்கரங்களோ அச்சோடு தரையிலேயே நிற்கின்றன. இடையிலுள்ள டிராக் லிங்க்கின் நீளம் மாறவில்லை. எனவே அது முன்னிலும் செங்குத்தாகச் சரிந்து நிற்கிறது. படுக்கை நிலையில் உள்ள தண்டின் ஒரு நுனி சிறிது ஏறி இறங்கினால் பக்கவாட்டில் பெரிய மாற்றம் நேர்வதில்லை. சரிந்து நிற்கும் தண்டின் நுனி அதே அளவு ஏறி இறங்கினால், பக்கவாட்டிலும் அது கணிசமாக நகர்கிறது. விளைவு யாதெனில், சாலையின் மேடு பள்ளத்தில் அச்சு குதிக்கும்போதெல்லாம், ஓட்டுநரின் கை அசையாமலே சக்கரங்கள் தாமாகத் திரும்புகின்றன. பட்டறைக்காரர்கள் இதனைப் பம்ப் ஸ்டீயர் என்பர். இழுபட்டு நிற்கும் பிரேக் குழாய், தன்னியல்பாக நேருக்குத் திரும்பும் ஆற்றல் குறைந்துபோன சக்கரங்கள் என்று இன்னும் சில மாற்றங்களும் உடன் வருகின்றன. அவரோ இவற்றில் ஒன்றையும் தொடவில்லை!

'நான் ஸ்பிரிங்கை மட்டுமே மாற்றினேன்' என்று அவர் கூறுவது உண்மையே. அவ்வுண்மை அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்குமா?

புனித தோமா அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் தாம் எழுதிய 'இறையியல் தொகுப்பு' என்னும் பெருநூலில், ஒரு செயலின் பின்விளைவு அச்செயலின் நன்மை தீமையைக் கூட்டுமா என்று வினவுகிறார். பின்விளைவு முன்னரே எண்ணிப் பார்க்கப்பட்டிருந்தால் அது கூட்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. எண்ணிப் பாராத விளைவை அவர் இரண்டாகப் பகுக்கிறார். செயலின் இயல்பிலிருந்தே எழுந்து, பெரும்பாலும் நேரக்கூடிய விளைவாயின், செய்தவன் எண்ணிப் பாராதிருந்தாலும் அது அவன் செயலின் தரத்தைத் தொடும். தற்செயலாய், எப்போதோ ஒருமுறை நேர்வதாயின் தொடாது. இவ்வளவுகோலை நம் வண்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். உயர்த்திய வண்டியின்மீது மரம் முறிந்து விழுந்தால் அது தற்செயல். உயர்த்திய வண்டியின் டிராக் லிங்க் சரிந்து நிற்பதோ தற்செயல் அன்று. உயர்த்துதல் என்னும் செயலின் மறுபக்கமே அது.

'எனக்குத் தெரியாது, விற்றவர் சொல்லவில்லை' என்று அவர் மேலும் கூறலாம். அறநெறி இறையியல் அறியாமையையும் இரு வகையாகக் காண்கிறது: நீக்கவே இயலாத அறியாமை, முயன்றால் நீக்கக்கூடிய அறியாமை. முன்னது மன்னிப்புக்கு இடம் தருகிறது. பின்னது அவ்வளவு எளிதாக இடம் தருவதில்லை. வண்டிக்கு அருகே முழந்தாளிட்டு ஒருமுறை கீழே நோக்கினால், தண்டு சரிந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். முழந்தாளிட மறுப்பவனின் அறியாமையை நீக்க இயலாத அறியாமை என்று எவ்வாறு கூறுவது?

பொறுப்பை ஏற்றுக்கொண்டவரும் அதனை நிறைவேற்றும் வகையில் தவறக்கூடும். இவ்வகையில் மூன்று தடுமாற்றங்கள் நம் சிந்தனைக்கு உரியவை.

முதலாவது, ஒன்றை மட்டும் திருத்திவிட்டு அமைதி அடைதல். சரிந்த டிராக் லிங்க்கை மீண்டும் படுக்கை நிலைக்குக் கொண்டுவர எளிய வழி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. சற்றே கீழ்நோக்கி வளைந்த பிட்மன் ஆர்மைப் பொருத்தினால் தண்டின் மேல்நுனி தாழ்ந்துவிடும். ஆனால் காயில் ஸ்பிரிங் கொண்ட வண்டிகளில், அச்சு பக்கவாட்டில் நகராமல் அதனைச் சேசிஸோடு பிணைத்து வைக்கும் பேன்ஹார்டு ராடு என்ற மற்றொரு தண்டும் உண்டு. டிராக் லிங்க்கும் பேன்ஹார்டு ராடும் ஏறத்தாழ ஒரே நீளமாய், ஒன்றுக்கொன்று இணையாய் இருக்கும் வரை, அச்சு ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே வில்வட்டத்தில் அசைகின்றன. சக்கரம் திசை மாறுவதில்லை. ஒன்றை மட்டும் தாழ்த்திவிட்டு மற்றொன்றைச் சரிந்த நிலையிலேயே விட்டால் அவ்விணக்கம் முறிகிறது. தாழ்த்திய தண்டு பார்வைக்கு நேராகத் தெரியும். வண்டியோ முன்னிலும் மோசமாக அலையும். அறிந்த தொழிலாளர் இரண்டையும் சேர்த்தே திருத்துவர். டிராக் லிங்க்கின் கீழ்நுனியைச் சக்கரத்தின் நக்கிளுக்கு அடியிலிருந்து மேற்புறத்துக்கு மாற்றினால், பேன்ஹார்டு ராடு பொருந்தும் தாங்கியையும் அதற்கேற்ப அச்சின்மேல் உயர்த்துவர். ஓர் உறுப்பின் சீர்மையை அவ்வுறுப்பை மட்டும் பார்த்து அளக்க இயலாது என்பது இதனால் விளங்குகிறது.

இரண்டாவது தடுமாற்றம், நோயைக் குணப்படுத்தாமல் அறிகுறியை அடக்குதல். இத்தகைய வண்டிகளில் ஓட்டுநர்கள் மிகவும் அஞ்சும் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது ஒரு பள்ளமோ பாலத்தின் இணைப்போ குறுக்கிட்டால், முன்சக்கரங்கள் திடீரென்று இடமும் வலமுமாக வெறிபிடித்தாற்போல் உதறத் தொடங்கும். ஸ்டீயரிங் கையில் நில்லாது. வேகத்தைக் குறைத்தாலன்றி அது ஓய்வதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு 'டெத் வாபிள்' என்று பெயர். சாவு ஆட்டம் என்றே சொல்லலாம். தேய்ந்துபோன பால் ஜாயின்ட், தளர்ந்த பேன்ஹார்டு ராடின் போல்ட், சமநிலையற்ற சக்கரம் என்று இதற்குக் காரணங்கள் பல. காரணத்தைத் தேடுவதற்குப் பொறுமை வேண்டும். எனவே பலர் ஸ்டீயரிங் டாம்பர் என்னும் அதிர்வுதாங்கியைப் புதிதாக வாங்கிப் பொருத்திவிடுகிறார்கள். உதறல் நின்றுவிடுகிறது. ஆனால் தளர்ந்த போல்ட் தளர்ந்தபடியே இருக்கிறது. ஓசையின்றித் தன் துளையை நாள்தோறும் அகலமாக்கிக்கொண்டிருக்கிறது. டாம்பர் தேயும் நாளில் பழைய நோய் முன்னிலும் வலிமையோடு வெளிப்படும். நம் இல்லங்களில் எத்தனை சச்சரவுகளை நாம் இவ்வாறு அடக்கி வைக்கிறோம்! ஒரு பரிசு, ஒரு பயணம், 'பேசாமல் இரு' என்ற ஓர் அதட்டல், வீடு அமைதியாகிறது. அமைதி திரும்பிவிட்டதாலேயே இணைப்பு இறுகிவிட்டது என்று கருதலாகாது.

மூன்றாவது தடுமாற்றம் மிக நுட்பமானது: வலிமையை மட்டுமே நம்புதல். தொழிற்சாலையில் பொருத்தப்படும் டை ராடு பாறையில் மோதினால் வளைந்துவிடும் என்பதால், தடித்த சுவருள்ள எஃகுக் குழாயாலோ உறுதிமிக்க அலுமினியக் கலவையாலோ ஆன புதிய தண்டைப் பொருத்துவது பலர் செய்யும் மேம்பாடு. இது நன்றே. இலைவில் ஸ்பிரிங் கொண்ட சில வண்டிகளில், தண்டுகளை ஸ்பிரிங்குகளுக்கு மேலேயே ஏற்றிவைத்து, பாறைக்கு எட்டாதபடி காப்பதும் உண்டு. 1979 முதல் 1985 வரை அமெரிக்காவில் விற்ற டொயோட்டா பிக்கப் வண்டிகளை வைத்திருப்போரிடையே இம்மாற்றம் மிகப் பரவலானது. ஆனால் பாறையின் அடி எங்கே போகிறது? முன்பு டை ராடு வளைந்து அவ்வடியை ஏற்றுக்கொண்டது. இப்போது டை ராடு வளைவதில்லை. அடி அடுத்த உறுப்புக்குச் செல்கிறது. நக்கிள் விரிசல் காணலாம். ஸ்டீயரிங் பெட்டியின் உள்ளச்சு முறியலாம். பெட்டியைத் தாங்கும் சேசிஸே பிளவுபடலாம். வளைந்த தண்டைக் காட்டுவழியிலேயே சுத்தியால் ஓரளவு நிமிர்த்திக்கொண்டு ஊர் திரும்பலாம். கையிருப்பில் மாற்றுத் தண்டையும் எடுத்துச் செல்லலாம். உடைந்த ஸ்டீயரிங் பெட்டியை அங்கே எவர் சீர்செய்வார்? ஆகவே, பாறைவழியில் பழுத்த அனுபவம் உள்ளோருள் சிலர், எளிதில் மாற்றக்கூடிய ஓர் உறுப்பு முதலில் வளைந்துகொடுக்கட்டும் என்றே விரும்புகின்றனர். வலிமையைக் கூட்டுவோர் உறுப்பு உறுப்பாகத் தொடர் முழுவதையும் பின்சென்று நோக்கி, இறுதியில் பளு எங்கே தங்குகிறது என்று காண வேண்டும்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திப்பது தகும். வளைந்துகொடுப்பவரை வலுவற்றவர் என்று எண்ணுவது உலக வழக்கு. குடும்பத்தில் தாய் வளைந்துகொடுக்கிறாள். அல்லது மூத்த மகள் வளைந்துகொடுக்கிறாள். 'இனி நானும் வளைய மாட்டேன்' என்று அவர் ஒருநாள் நிமிர்ந்தால், அதற்கு முழு நியாயமும் இருக்கலாம். எவரையும் என்றென்றைக்கும் வளையும் தண்டாகவே வைத்திருக்க மற்றவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அதுவரை அவர் தாங்கிவந்த அடியைத் தாங்க, மற்ற உறுப்புகளும் அன்றே வலுப்பெற வேண்டும். அக்கடமையை மறந்து, ஒருவரின் நிமிர்வை மட்டும் குறைகூறும் வீடு அல்லவோ பிளவுபடுகிறது?

இதுவரை வண்டிக்குள் இருக்கும் இணைப்புகளையே பேசினோம். வண்டிக்கு வெளியிலும் இணைப்புகள் உண்டு. எதிரே வருபவர், சாலையைக் கடக்கும் குழந்தை, பிற்காலத்தில் அவ்வண்டியை இரண்டாம் கையாக வாங்கப்போகும் முன்பின் அறியாத மனிதர் ஆகிய அனைவரும் அத்தொடரின் கண்ணிகளே. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே கருதத்தக்கது. முன்முகப்பின் உயரம் 40 அங்குலத்தைக் கடந்த பிக்கப் டிரக், வேன் போன்ற வண்டிகள் நடந்துசெல்வோர்மீது மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உயரமும் சரிந்த முகப்பும் கொண்ட வண்டிகளைவிட, உயிரிழப்பு நேர ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதல் வாய்ப்பு உண்டு என்று அது கண்டது. தொழிற்சாலையிலிருந்து வரும் உயரமே இத்தகையதாயின், அதன்மேல் நாம் கூட்டும் ஒவ்வோர் அங்குலமும் கணக்கில் வாராமல் போகுமா?

சட்டம் இதில் ஓரளவே துணைசெய்கிறது. அமெரிக்காவில் எவ்வளவு உயர்த்தலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. முன்பகுதியை மிக உயர்த்திப் பின்பகுதியைத் தாழ்த்தும் பாணியை வட கரோலினா 2021இலும் வர்ஜீனியா 2022இலும் தடைசெய்தன. நம் நாட்டில், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆயினும் சட்டம் அங்குலத்தை அளக்குமேயன்றி, ஒருவன் தன் வண்டியின்கீழ் முழந்தாளிட்டு நோக்கினானா என்பதை அளக்காது. அனுமதிக்கப்பட்ட 2 அங்குலத்தைக் கவனமின்றிக் கூட்டியவரும் உண்டு. 6 அங்குலம் கூட்டி, ஒவ்வொரு தண்டையும் முறையாகத் திருத்தி, விற்கும்போது செய்த மாற்றம் அனைத்தையும் எழுதிக் கொடுத்தவரும் உண்டு.

பொருட்செலவு என்னும் இடையூறும் உண்மையே. உயர்த்தும் கருவித்தொகுதியை வாங்குவதற்கே சேமிப்பு தீர்ந்துபோகிறது. தண்டுகளைத் திருத்தப் பணம் எஞ்சுவதில்லை. 'இப்போது உயர்த்திக்கொள்வோம், மற்றதைப் பிறகு பார்ப்போம்' என்று மனம் சமாதானம் சொல்கிறது. இதற்கு அறநெறி தரும் விடை கடினமானது, ஆனால் தெளிவானது. ஸ்டீயரிங்கைச் சீர்செய்யும் செலவும் உயரத்தின் விலையில் அடங்கியதே. அதனைச் செலுத்த இயலாதவர் அவ்வுயரத்தை இன்னும் வாங்கவில்லை. சாலையில் செல்லும் மற்றவர்களிடம் கேளாமலே கடனாக எடுத்துக்கொண்டிருக்கிறார். மாடி கட்டும் வீட்டுக்கும், கடன்பட்டு நடத்தும் ஆடம்பரத் திருமணத்துக்கும், தகுதிக்கு மீறிய பதவிக்கும் இவ்விடை பொருந்தாமல் போவதில்லை. காத்திருப்பதும் ஒரு நற்பண்பே.

இறுதியாக, பட்டறைகளில் வழங்கும் ஒரு சோதனை முறையைக் கூறுவோம். ஸ்டீயரிங் இணைப்புகளில் தளர்ச்சி உண்டா என்று காண இருவர் தேவை. ஒருவர் வண்டியில் அமர்ந்து, எஞ்சினை இயக்கி, வண்டியை நகர்த்தாமல் ஸ்டீயரிங்கை மட்டும் இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருப்புவார். மற்றவர் கீழிருந்து ஒவ்வொரு மூட்டாக நோக்குவார். தேவையெனில் மூட்டின்மேல் விரல் வைத்தும் உணர்வார். ஒரு தண்டு அசைந்து, அதனோடு இணைந்தது உடனே அசையாமல் ஒரு நொடி பிந்தினால், பழுது அங்கேதான். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு இது தெரியாது. அவர் அமர்ந்துள்ள இடத்திலிருந்து காண இயலாது. அவர் எவ்வளவு திறமையான ஓட்டுநராயினும், கீழே நோக்கும் ஒருவரின் சொல்லை நம்பியே ஆகவேண்டும்.

நம் வாழ்வில் எதையேனும் உயர்த்தியிருக்கிறோம் என்றால், நமக்கும் அத்தகைய ஒருவர் தேவை. அவர் மனைவியாகவோ கணவராகவோ இருக்கலாம். நண்பராகவோ ஆன்ம குருவாகவோ இருக்கலாம். நம் உயர்வால் நிலை மாறிப்போன, நாம் தொட்டதே இல்லாத ஒருவராகவும் இருக்கலாம். நாம் திருப்பும்போது எந்த மூட்டு பிந்துகிறது என்று அவரிடம் கேட்போம். அவர் சொல்லும் விடை நமக்கு இனிக்காமல் போகலாம். ஆயினும் அதனைக் கேட்டு, சீர்செய்து முடித்த பின்னரே வண்டியைச் சாலைக்கு எடுப்போம்.